வெள்ளக்கோட்டுக்கு மேலே

மின்வாரியத்தில் வேலை பார்ப்பவருக்கு
மின்சாரத்தின் மேல் நம்பிக்கை இல்லை.
பதினாறு வருடம் குடித்தனம் நடத்திய பிறகு
கார் வாங்கப் போகும்போதுதான்
எனக்கு இது தெரிய வருகிறது.

"பிளக்-இன் ஹைபிரிட் எடு" என்கிறார் குணபாலன்.
"பேட்டரி ஓடுற வரைக்கும் ஓடட்டும்,
டேங்க்ல பத்து லிட்டர் கெடக்கட்டும்.
புயல் வந்தா யாருகிட்ட போய் சார்ஜ் கேப்ப?"

கஜாவுக்கு அப்புறம் இருபத்திரண்டு நாள்
வீட்டுக்கு வராமல்
சேற்றில் கம்பம் நட்டவர்.
ஒவ்வொரு கம்பமும் எப்படி விழும் என்று
அவருக்கு மனப்பாடம்.

நான் மாட்டு டாக்டர்.
ஆஸ்பத்திரி திருத்துறைப்பூண்டியில்,
மாடுகள் கடைமடையில்.
கோடியக்காடு போய்வர நூறு கிலோமீட்டர்.
கன்று குறுக்கே நிற்பதெல்லாம்
ராத்திரி இரண்டு மணிக்குத்தான்.

கலப்பினம் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
இந்தக் கையால் போட்ட சினை ஊசிக்குக் கணக்கில்லை.
ஜெர்சிக் கலப்புக்குப் பால் உண்டு,
மடிநோய் உண்டு, வெயில் ஆகாது.
உம்பளச்சேரி ஒரு செம்புதான் கறக்கும்,
ஆனால் சேற்றில் நிற்கும்,
என் வாசலுக்கு வராது.
எஞ்சின் ஒன்று, மோட்டார் ஒன்று,
இரண்டையும் சமாதானம் பண்ணிவைக்க ஒரு மூளை.
இதில் எது படுத்தாலும்
தஞ்சாவூருக்குக் கட்டி இழுக்கணும்.
கூடக் கொடுக்கிற காசுக்கு
இரண்டு மா நிலம் வரும்.

"உன் தம்பி வயலைப் பாரு" என்கிறார்.
"மேட்டூர் தெறந்தா ஆத்துத் தண்ணி,
தெறக்கலன்னா போரு.
கரண்ட் இருந்தா மோட்டாரு,
இல்லன்னா டீசல் எஞ்சின்.
இந்த டெல்டாவே ஹைபிரிட்டுதான்டி."

சிரித்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டே கேட்டேன்:
"அந்த டீசல் எஞ்சின்
போன குறுவைக்கு ஸ்டார்ட் ஆச்சா?"

"நாலு வருசமா யாரும் தொடல."

"ம்."

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும்.
இரண்டு விலைப் பட்டியலும்
உப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தன.

வியாழன் இரவு வாய்மேட்டிலிருந்து போன்.
பழைய காரை நம்பாமல் அவர் பைக்கில் போனோம்.
சிங்காரவடிவேலு கொட்டகையில்
என் கை தோள்வரை உள்ளே,
கன்றின் கால் விரல்நுனிக்கு அகப்பட்ட நேரம்
பல்பு போனது.
குணபாலன் போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.
"சார், நீங்க ஈபி சார்தானே,
கரண்ட் எப்ப வரும்?"
"வந்துடும்."

எத்தனை ஊரில், எத்தனை இருட்டில்
சொல்லிப் பழகிய சொல்.
அன்றுதான் பக்கத்திலிருந்து கேட்டேன்.
பொய் மாதிரியும் இல்லை,
வாக்கு மாதிரியும் இல்லை.
பசு முக்கியது.
முதலில் கன்று வந்தது.
கரண்ட் வந்தபோது
நாங்கள் ஆலத்தம்பாடி தாண்டிவிட்டோம்
என்று அவர் சொன்னார்; எனக்குத் தூக்கம்.

ஞாயிறு காலை டிரில்லிங் சத்தம்.
கார் நிறுத்துகிற சுவரில்
பழைய மழை விட்டுப்போன கோடு இருக்கிறது,
டீக்கறை நிறத்தில், என் முழங்கால் உயரத்தில்.
மூன்று முறை வெள்ளையடித்தும் போகாத கோடு.
அதிலிருந்து நாலு சாண் மேலே அளந்து
பென்சிலால் புள்ளி வைத்து
ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த வண்டிக்கு?"

"ரெண்டுக்கும் பிளக்கு வேணும்ல.
ஸ்குரூவைப் புடி."

பிடித்தேன்.
ஓட்டைக்குள் வாய் வைத்து ஊதினார்.
செங்கல் தூள் முழுக்க
என் கண்ணில்.