மூன்றாம் தொனி

அல்சூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்கு
காலை ஆறரைக்குத் தண்ணீர் வரும்.
வாளிகளை நிரப்பிவிட்டு
கீழ்வீட்டுப் பங்கஜவல்லியிடம்
"பசியாறியாச்சா?" என்பேன்.
அவர் சிரிப்பார்.
"நீ ஒருத்திதான் இப்படிக் கேட்கிற.
நாங்கல்லாம் டிபன் சாப்பிடுறவங்க."
ஈப்போவில் இன்னும் பசியாறுகிறார்கள் என்றேன்.
அது எந்த ஜில்லா என்றார்.

சில்க் போர்டு நெரிசலில்
ஒரு சிக்னலுக்கு ஒரு பாடம் தயாரிக்கலாம்.
கண்டக்டர் கன்னடத்தில் கேட்பார்,
நான் தமிழில் சொல்வேன்,
சில்லறை இரண்டு மொழியிலும் இருக்காது.

வேலை, சீனம் சொல்லித்தருவது.
முதல்நாள் வகுப்பே
என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.
டீச்சர் எப்போ வருவாங்க என்று
நௌஷீன் என்னிடமே கேட்டாள்.
பலகையில் என் பெயரைச் சீனத்தில் எழுதினேன்.
கடைசிக் கோட்டை இழுத்து முடித்த பிறகுதான்
நோட்டுகள் திறக்கிற சத்தம்.

மா என்றால் அம்மா,
குரலை மட்டமாகப் பிடித்தால்.
ஏற்றினால் சணல்.
இறக்கி ஏற்றினால் குதிரை.
தடாலென்று போட்டால் திட்டு.
தமிழிலும் மா குதிரைதான் என்றேன்,
மாமரமும் அதுதான், இடியாப்ப மாவும் அதுதான்,
நாங்கள் குரலை அசைப்பதில்லை,
பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வோம்.
பிரஜ்வல் அதையும் எழுதிக்கொண்டான்.
பரீட்சையில் வருமா என்றான்.

கடைசி வரிசையில் தாபா ரின்யோ.
அவனுக்கு மூன்றாம் தொனி மட்டும் வராது.
பள்ளத்தில் இறங்குவான்,
ஏற மறந்துவிடுவான்.
குதிரை அங்கேயே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருமாக ஊர் சுற்றுவோம்.
ஒரு வாரம் லால்பாக் பாறை.
ஒரு வாரம் நந்தி மலை,
மூன்றரைக்கு எழுந்து போய்
சூரியனுக்குப் பதிலாக
முன்னால் நின்ற கார்களின் சிவப்பு விளக்கைப் பார்த்துத் திரும்பினோம்.
போன வாரம்
மார்க்கெட்டுக்குப் பக்கத்து மர அரண்மனை.

கவுண்டரில் இரண்டு விலை.
உள்நாட்டாருக்கு ஒன்று,
அயல்நாட்டாருக்கு அதைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர்
எங்கள் ஐந்து பேரையும் எண்ணினார்.
நாலு சீட்டுக் கிழித்தார்.
ரின்யோவிடம்
பாஸ்போர்ட் என்றார்.

அவன் முகம் மாறவில்லை.
கை தானாகவே பர்ஸுக்குப் போனது,
சட்டைப் பொத்தானைப் போடுகிற மாதிரி.
ஆதார் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து
அருணாச்சலப் பிரதேசம் என்றான்,
மெதுவாக, இரண்டு முறை.
அவர் அட்டையை உள்ளே வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

என் கைப்பையில் இருந்தது அவர் கேட்டது.
சிவப்பு அட்டை, பொன்னிறத்தில் இரண்டு புலிகள்.
ஓட்டைக்குள் தள்ளினேன்.
அயல்நாடு நான்தான் என்றேன்.
தமிழில் சொன்னது தப்பாகப் போயிற்று.
தமிழிலேயே சிரித்தார்.
"வெளையாடாதம்மா, பின்னாடி கூட்டம் நிக்குது."

பிறகு திறந்தார்.
விசாவைப் பார்த்தார், என் மூக்குத்தியைப் பார்த்தார்,
மளிகைக் கணக்கில் ஏமாந்தவர் மாதிரி
என்னிடமிருந்து முழுத் தொகையையும் எண்ணி வாங்கினார்.
அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டை திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

உள்ளே தூண்கள், வளைவுகள்,
பால்கனிக்கு ஏறக்கூடாது என்று ஒரு கயிறு.
அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே சுருமுரிப் பொட்டலத்தோடு நிற்கையில்
நீ ஏன் சீனம் படிக்கிறாய் என்று கேட்டேன்.
பிரஜ்வலுக்கு ஷென்சென் வேலை,
நௌஷீனுக்கு அப்பாவின் பொம்மை இறக்குமதி.
இவன் வெங்காயத்தைப் பொறுக்கித் தின்றபடி சொன்னான்:
"இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம்.
தினம் ஒருத்தராவது, உனக்குச் சீனம் தெரியுமா.
இல்லைன்னு சொல்லி வாய் வலிக்குது.
கத்துக்கிட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

எதிரே சாலை நடுவில்
வாழைத்தார் ஏற்றிய ஜட்கா வண்டி.
பின்னால் அத்தனை ஆட்டோவும் அலற
குதிரை நகரவில்லை.
வண்டிக்காரர் அதன் பரம்பரையையே இழுத்துக்கொண்டிருந்தார்.

ரின்யோ விரலை நீட்டி, மா என்றான்.

இறங்கினான், ஏறவில்லை.
குதிரைக்குப் பதில் திட்டு வந்தது.

நான் திருத்தவில்லை.