விடுமறை வகுப்பு

பற்றுச்சீட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
மகரத்தின் காலில் தொங்கவேண்டிய சுழியைக் காணோம்.
ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு
ஓர் உகரம் தரக்கூடாதா என்று
எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.
அது முதல் நாள்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
கைபேசி திருத்தும் கடைக்கு மேலே
ஒரு தகரக் கூரை.
முப்பது கதிரைக்கு அறுபத்துமூன்று பிள்ளைகள்.
மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று
தலையை ஆட்டுவதோடு சரி.
ரயில் போகும்போது சேர் பேச்சை நிறுத்துவாராம்.
"அதுதான் அம்மா நல்ல நேரம்,
பக்கத்தில இருக்கிற பிள்ளையோட கதைக்கலாம்"
என்கிறாள் மிதுஷிகா.

நான் காலி வீதியில் புடைவைக் கடையில்
துணி வெட்டுகிறவள்.
இரண்டரை மீற்றர் கேட்டால்
இரண்டரைக்கு மேல் ஒரு விரற்கடை விட்டு வெட்டுவேன்.
குறைந்தால் சனம் விடாது.
போன கிழமை தெஹிவளையில் இருந்து வந்த மனுசி
கைப்பைக்குள் இருந்து சொந்த நாடாவை எடுத்து
என் முன்னாலேயே விரித்து அளந்தா.
கோபம் வரவில்லை. காசு கொடுப்பவ அளக்கத்தானே வேண்டும்.

மூன்றாம் கிழமை பிள்ளையின் பையைத் திறந்தேன்.
பூவின் பாகங்கள்.
போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி,
அதற்கும் ஒரு கொப்பி.
இதழ்கள் எல்லாம் கரைந்துபோக
அம்புக்குறிகள் மட்டும்
ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டு நின்றன.
சூலகம் எது என்று கேட்டாளாம்.
"அது சோதினைக்கு வராது, இரு."
ஆங்கிலத்துக்கு, எங்கோ இருக்கும் யாரோ பேசுகிற வீடியோ.
கணக்குக்கு, போன வருடத்துத் தாள்,
விடை பலகையில். பார்த்து எழுது.
நாலு நாள் எரிமலைக்கு நிறம் தீட்டியிருக்கிறாள்.
நாலும் ஒரே எரிமலை.
கடைசியாய்த் தீட்டியது பச்சை.

அரைநாள் லீவு போட்டேன்.
சம்பளத்தில் வெட்டுவார்கள், அதை மட்டும் சரியாய் அளப்பார்கள்.
கேட்கவேண்டியதை வழி முழுக்க
வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் போனேன்.
பொறுப்பாளர் கண்டிக்குப் போயிருக்கிறாராம்.
படிக்கட்டில் ஒரு பெடியன்
மீன் பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.
"சேர் எங்க தம்பி?"
எழும்பி நின்றான். "நான்தான் அன்ரி."

ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறானாம்.
தலைக்கு நூறு ரூபாய் என்று பேச்சு,
இன்னும் கைக்கு வரவில்லையாம்.
மெசினில் மை இல்லை என்று
இரண்டு தரம் சொல்லிவிட்டானாம்.
பாவம் என்று நினைத்தேன்.
நினைத்த உடனே கோபம் இரண்டு மடங்காகியது.
இதை இனி யார் தலையில் கொண்டுபோய் வைக்க?
இவன் பாவம் என்பதால்
என் பிள்ளையின் ஓகஸ்ட் திரும்பி வருமா?

தாளை நீட்டினேன்.
"சூலகம் எது?"
விரலில் இருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு
சுவரில் வைத்துக் கீறத் தொடங்கினான்.
வடிவாய்க் கீறினான்.
இதழ், மகரந்தக்கூடு, தம்பம்,
அடியில் குடம்போலச் சூலகம்,
அதற்குள் புள்ளிப் புள்ளியாய்ச் சூல்வித்துகள்.
எல்லாம் தெரிந்திருக்கிறது!
"இதை ஏன் மேல கீறிக் காட்டேல்லை?"
தகரத்தை அண்ணாந்து பார்த்தான்.
ரயில் வந்தது.
அது போய்க் கனநேரத்துக்குப் பிறகும்
அவன் வாய் திறக்கவில்லை.

காசு திருப்பித் தரமாட்டார்களாம்.
பற்றுச்சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.
இரண்டு முறை வாசித்தேன்.
அங்கே எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

நாளைக்கும் எட்டரைக்கு வகுப்பு.
கடை ஒன்பதுக்குத் திறக்கும்.
வீட்டில் வேறு ஆளில்லை.
போத்தலுக்குத் தண்ணீர் நிறைத்து வைத்திருக்கிறேன்.