ஆழக் கணக்கு

பெல்ஃபிரேஜ் துரை பாம்பனில் வந்திறங்கிய அன்று
கால்வாயில் ஆறடித் தண்ணீர்.
லெப்டினன்ட். மீசை சரியாக முளைக்கவில்லை.
கச்சான் காற்று தொப்பியைப் பிடுங்கிப் போனது.
குந்துகால் பக்கம் ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு
இரண்டு வருஷம் ஆடு மேய்த்தான்.

நான் துறைமுகக் கச்சேரி ரைட்டர்.
அவர் சொன்னதை நகலெடுப்பது என் பிழைப்பு.
மருந்துப் பீப்பாய் பதினாலு. திரி நூறு கஜம்.
மதுரை ஜெயில் கைதிகள் அறுபத்திரண்டு,
பேதியில் போனது ஒன்பது, மீதி ஐம்பத்து மூன்று.
கழித்தல் சரியா என்று மட்டும் கேட்பார்.

எட்டடி ஆனபோது காப்டன் ஆனார்.
அன்றைக்கு விருந்து, ஆமைக்கறி.
எனக்கும் ஒரு கிளாஸ் ஷெர்ரி நீட்டினார்.
கூடாரத்துக்குப் பின்னால் மணல் குடித்தது.

பத்தடிக்கு வெடி வைக்க முங்கியவன் உசன்கனி.
பாறை வெடிப்பில் பீப்பாயைச் செருகிவிட்டு
மேலே வந்துவிட வேண்டும், திரி முந்துவதற்குள்.
ஒருநாள் திரி முந்திக்கொண்டது.
வெள்ளை வயிறு காட்டி மீன்கள் மிதந்தன,
நடுவில் அவன்.
கரையில் புரட்டிப் போட்டதும் கண் திறந்தான்.
அதற்குப் பிறகு அவனோடு பேச
இடப்பக்கம் போய் நிற்க வேண்டும்.

அந்தக் காதுக்கு மாசம் இரண்டு ரூபாய் கேட்டு
துரை மூன்று கடிதம் எழுதினார்.
மூன்றாவதில் கையெழுத்து நடுங்கியிருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.
மதராஸ் பதில்: முன்மாதிரி இல்லை.
அடுத்த தபாலில் மேஜர் உத்தரவு வந்தது.
இரண்டையும் ஒரே கட்டில் தைத்தேன்.
கச்சேரியில் இருந்தது ஓர் ஊசி.

பர்மா போனார். பிறகு எங்கோ மலை, ஏதோ சண்டை,
ஒரு மெடல். கர்னலாக ஓய்வு.

இருபத்திரண்டு வருஷம் கழித்து சீமையிலிருந்து கடுதாசி:
முட்டிவலி, ஓயாத மழை, மகள் கல்யாணம்,
கடைசி வரியில்
இப்போது ஆழம் எவ்வளவு?

உசன்கனி தோணியில் போனேன்.
ஈயக்குண்டு துரை விட்டுப்போனதுதான்,
கயிறு நாலு தடவை மாற்றியாயிற்று.
வாடைக்கு வந்து படியும் மண்
எவர் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை.
கயிற்றில் ஈரம் நின்ற இடத்தை எண்ணினேன்.
எட்டரை, என்றேன்.
அவன் துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தான்.

தப்பான பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.
எழுந்து மாறி உட்கார்ந்தேன்,
தோணி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.