ஈரக் கழிவு

எனக்கு வரைபடம் வேண்டியதில்லை.
ரயிலடிக்கு மேற்கே, கிட்டங்கி வாசலில்,
விடியுமுன் வந்து நிற்கும் வண்டிகளின்
சக்கரத்தைப் பார்த்தால் போதும்.
பட்டையில் கறுப்பாய் அப்பி
உலர்ந்தும் விடாமல் பிடித்திருந்தால்
பேரையூர், கல்லுப்பட்டி.
செம்மண் தூசி மாட்டின் இமைவரை படிந்திருந்தால்
உசிலம்பட்டிச் சாலை.
சோழவந்தான் வண்டல் இந்த வாசலுக்கு வருவதில்லை.
அதற்கு வெற்றிலை உண்டு, வாழை உண்டு,
போக வேறு வாசல்கள் உண்டு.

துலாக்கோல் கணக்கு எனக்கு.
மாதம் பதினோரு ரூபாய்.
பொதியின் வயிற்றில் கைநுழைத்து
ஒரு பிடி உருவிக் கன்னத்தில் வைப்பேன்.
குளிர்ந்தால் ஈரம்.
குளிராவிட்டாலும் ஈரம்.
பொதிக்கு ரெண்டு ராத்தல் கழித்து எழுது என்பது
உள்ளிருந்து வந்த உத்தரவு.
எழுதினேன்.
"கருங்கண்ணிக்கு இழை குட்டை,
கம்போடியா போடக்கூடாதா?" என்று
கிணறில்லாதவனிடம் கேட்கவும் செய்தேன்.

பெத்தணன் மாசி தவறாமல் வருவான்.
பஞ்சு என் கன்னத்தில் இருக்கும் நேரம் முழுக்க
என் முகத்தையே பார்ப்பான்.
"நேத்துப் பகல் பூரா திருமங்கலத்துல
வெயில்ல கெடந்த வண்டி சாமி."
அவன் வாதாடியது அவ்வளவுதான்.
திரும்பும்போது அதே சாக்கில்
அரைத்துப் பிரித்த கொட்டையை ஏற்றிப் போவான்,
காளைகளுக்கு.
தன் காட்டுக் கொட்டையைத்தான்.
விலை கொடுத்துத்தான்.

மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள்.
அது வாடிப்பட்டி தாண்டி மேலூருக்குப் போயிற்று.
போன இடமெல்லாம் இரண்டு போகம்,
நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புகார்.
பேரையூர்ப் பக்கம் அது திரும்பவில்லை.
வாய்க்காலைக் குற்றம் சொல்லி என்ன,
அதற்குப் பள்ளம் மட்டும்தான் தெரியும்.
தண்ணீர் போன பக்கம் நெல் விளைந்தது.
போகாத பக்கத்திலிருந்து
முதலில் பஞ்சு வந்தது,
அப்புறம் ஆள்.

அந்த மாசியில் சக்கரங்கள் குறைவு,
கால்கள் அதிகம்.
மில் வாசலில் வரிசை, சுவர் முடியும்வரை.
மேஸ்திரி என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார்.
"கரிசல்காட்டு ஆளாப் பாத்துச் சொல்லும்,
வெக்கைக்கு அசரமாட்டான்."
குதிகால் வெடிப்பில் இருந்த மண்ணை வைத்து
ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தேன்.
பத்தொன்பதாவது கால் பெத்தணனுடையது.
ஒரு காளை செத்துவிட்டது என்றான், கேட்காமலே.
மற்றதை வண்டியோடு சந்தையில் விட்டானாம்.

புளோ ரூமில் போட்டார்கள்.
நாலே மாதத்தில் குதிகால் வெளுத்தது.
புருவத்தில் பஞ்சு, மூக்குமயிரில் பஞ்சு,
இருமினால் அதிலும் பஞ்சு.
இப்போது அவனை வரிசையில் நிறுத்தினால்
எந்த ஊர் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

அவன் பெண்டாட்டி ஒச்சம்மா
அந்தக் கொட்டையை வாங்கி ஊறவைத்தாள்.
ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டு,
ராத்திரிச் சங்குக்கு முன்னால்
மில் சுவரோரம் அடுப்பு மூட்டினாள்.
ஷிப்ட் முடிந்து இருமிக்கொண்டு வருகிறவர்கள்
நெஞ்சுக்கு இதம் என்று நின்று குடித்தார்கள்.
பஞ்சு அடைத்த நெஞ்சுக்குப் பருத்திப்பால்.

ஒருநாள் நானும் போய்க் காலணா வைத்தேன்.
குவளை ததும்ப ஊற்றினாள்.
பிறகு, என் முகத்தைப் பார்த்தபடியே,
இரண்டு விரற்கடை அளவு
பானைக்கே திரும்பச் சாய்த்தாள்.
"ஈரக் கழிவு, கணக்கப்பிள்ளே."
பெத்தணன் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை.
நல்ல சூடு. நின்றே குடித்தேன்.

மறுநாளும் போனேன்.
அன்றும் இரண்டு விரற்கடை.