பதினொன்று நாற்பது

அது நேரம் இல்லை.
பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் டொலர்.
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லையென்று
வங்கியில் சொல்லிவிட்டார்கள்.
அடுப்படியில் நின்று நாங்களும்
ஒருவரையொருவர் பாராமல் சொல்லிக்கொண்டோம்.

மாமிக்குச் சொல்லவில்லை.
மாமிக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும்,
கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும்.
பிரான்சிலிருக்கும் மச்சானுக்கு
அன்றைக்குத் தந்த பன்னிரண்டாயிரம் யூரோ வேண்டும்,
வட்டியில்லாமல்.
வட்டியில்லாமல் என்பதை மூன்று தரம் சொன்னார்.
மகனுக்கு ஒரு கதவு.
"பூட்டுற கதவு, அம்மா."
எனக்கு என்ன வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நித்திரை என்றிருப்பேன்.

கேட்டவள் துவெத்.
புதன் மாலை, குளோரின் மணக்கும் நீச்சல் குளத்தருகே
பிளாஸ்டிக் வாங்கில் நாங்கள் நாலு பேர்,
மடியில் துவாய்கள்.
பிள்ளைகள் காலடித்துத் தண்ணீரை வெளுக்க
மெஹ்ர்நாஸ் தன் ஒன்பதாவது ஏலத்தைச் சொன்னாள்,
புருஷன் இரண்டு இரவு காரில் படுத்ததையும்.
லோசா வீட்டில் ஐந்து சகோதரர், ஒரே கடன்,
யாருடைய பெயரில் என்பதுதான் சண்டை.
துவெத்துக்கு விவாகரத்தோடு வீடும் போனது.
வேலைக்குப் போகிற பஸ்
தினமும் அந்த வாசலில்தான் நிற்கிறது.

ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை.
சூரியகாந்தி விதை கொறித்தோம்.
டூங்காபி வீட்டின் பரிசோதனை அறிக்கையை
உரக்க வாசித்தேன்:
குளியலறைச் சுவருக்குப் பின்னால்
கறையான், உயிரோடு, சுறுசுறுப்பாக.
கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிமுடிக்க,
"அந்தப் பாம்புக்கு எந்த வங்கி கடன் கொடுத்தது?"
என்றாள் லோசா.
பாதுகாவலன் விசிலடிக்கும்வரை சிரித்தோம்.

சனிக்கிழமை. புல்தரையில் அறுபது பேர்.
மாமி காருக்குள் கண்மூடி, உதடசைத்து.
கூப்பிடாமலே மூவரும் வந்து
என் பின்னால் நின்றார்கள்.

பதினொன்று. பதினொன்று இருபது.
நாற்பதில் இவருடைய கை உயர்ந்து இறங்கியது.
வேலிப்பக்கம் ஒரு பொடியன், காதில் போன்:
நாற்பத்தைந்து.
ஏலக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்,
கலியாணத்துக்கு வந்துபோனவன் மாதிரி.
"முப்பது வருடக் கடனில் இன்னும் ஐயாயிரம்,
ஒரு நாளுக்கு ஒரு கோப்பிக் காசும் வராதே!"

இரவுவேலை இன்னொரு நாள் எடுக்கலாம்.
வயலின் வகுப்பை நிறுத்தலாம்.
தாலிக்கொடி
இருக்கிறது.

என் கை எழுந்தது.
துவெத் மணிக்கட்டைப் பிடித்தாள்,
மெதுவாக இல்லை,
நாள் முழுக்கக் கோழி வெட்டுகிற கை அது.
"புதன்கிழமை என்னிடம் சொன்ன எண் எது?"

சுத்தியல் விழுந்தது.
பாம்பு குடிபுகுந்தது என்று முணுமுணுத்தேன்.
பிறகு பார்த்தால் அந்தப் பொடியன்
வேலியில் சாய்ந்து போனில் அழுதுகொண்டிருந்தான்,
"அம்மா" என்பது மட்டும் விளங்கியது,
எந்த மொழியென்று தெரியவில்லை.

காரில் மாமி கேட்டார்,
"கிழக்கு வாசல்தானே?"
"இல்லை மாமி, மேற்கு."
கிழக்குத்தான்.

இரவு, கோப்பை கழுவும்போது
இவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தன.
"ஆர் இது?"
"என்ர ஆக்கள்."

வேறொன்றும் கேட்கவில்லை.
துடைக்கும் துணியை எடுத்தார்.
வியாழன் நாலு மணிக்கு செவன் ஹில்ஸில் ஒரு வீடு,
கறையான் இருக்கா என்று
லோசா கேட்பாளாம்.