நாற்பத்தொரு கண்ணாடி

மடியில் அட்டைப்பெட்டி.
உள்ளே நாற்பத்தொரு கண்ணாடி,
ஒவ்வொரு உறையிலும் ஊர், பேர், பவர்.
கெம்பநாயக்கன்பாளையம் தாண்டியதும்
பேருந்து முதல் கியருக்கு இறங்கிவிட்டது.
இனி மலைதான் ஓட்டும்.

முன்சீட்டில் இரண்டு கோழி, ஒரு டிவி.
கடைசியில் யூரியா மூட்டைமேல் தூங்கும் பையன்.
கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும்
நாற்பத்தொரு பேரும் ஒருபக்கம் சரிந்து
கிலுகிலுவென்று
மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார்கள்.

கீழே வாய்க்கால்
ஒரு வளைவில் தகரத்துண்டு,
அடுத்த வளைவில் இல்லை.
மூங்கில் கிளையொன்று சன்னலுக்குள் கைவிட்டு
என் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
"ஆனை முறிச்சதுங்க" என்றார் நடத்துநர்,
எனக்குத் தரவேண்டிய மூன்று ரூபாயைப் போல
அதையும் பிறகு பேசிக்கலாம் என்கிற குரலில்.

கடம்பூரில் டீ. மணி பதினொன்று.
அதற்கப்புறம் தார் மனசு மாறிவிட்டது.
ராகிக்காடு, கல், ராகிக்காடு,
பரண்மேல் யாரோ காயப்போட்ட சிவப்புச் சட்டை.
அத்தனை மலைக்கும்
அது ஒன்றுதான் கையசைத்தது.

பள்ளத்தில் தண்ணீர்.
ராத்திரி எங்கோ மேலே பெய்ததாம்.
ஓட்டுநர் இறங்கி
விளிம்பில் ஒரு கல்லை வைத்தார்.
"இதுக்கு ஒரு சாண் எறங்கட்டுமுங்க, போயிக்கலாம்."
யாரும் எப்போது என்று கேட்கவில்லை.
கோழிகளை அவிழ்த்துவிட்டார்கள்,
டிவியை நிழலுக்கு மாற்றினார்கள்.
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
கல்லைப் பார்த்தேன்.
முகாம் இரண்டு மணிக்கு.

பெட்டியில என்னங்க என்று வந்தவர்
பேர் சிக்குமாதன்.
தேடினால்
பதினேழாவது உறைக்குள் அவரே இருந்தார்.
மாட்டிவிட்டேன்.
அக்கரையை வெகுநேரம் பார்த்தார்.
ஒரு வார்த்தைக்காக நின்றேன்,
நன்றி என்றோ, மலை என்றோ.

"அட! மூணு நாளா தேடறனுங்க.
அந்தப் பொதர்ல மேயறது
என்ற எருமையில்ல!"

கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்
செருப்பைக் கையிலெடுத்து
தொடையளவு வெள்ளத்தில் இறங்கிவிட்டார்,
கண்ணாடியில் துளி தெறிக்காதபடி
கழுத்தை மட்டும்
கொக்குபோல் நீட்டிக்கொண்டு.

பெட்டியில் நாற்பது.
பதிவேட்டில் பதினேழுக்கு நேராக
கையெழுத்துக் கட்டம் காலி.
'அக்கரையில் இருக்கிறார்' என்று எழுதினேன்.

கல்லின்மேல் இப்போது
ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருக்கிறது.
தண்ணீர் இறங்கியதா என்று
அது எழுந்தால்தான் தெரியும்.