அரைப் பேர்

என் கணினி மாதிரியில்
லாபிஸ் ஒரே ஒரு கட்டம்.
பக்கத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.
செம்பனை, ரயில் நிலையம், கோப்பிக்கடை,
உரக் கிடங்கின் தகரக் கூரை
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வெப்பம்.
பதினேழு வருஷம் அந்த எண்ணைத்தான் திருத்தினேன்,
புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை.

தோட்டத்து ஆபீசில் கிராணி தவமலர்
செக்ரோலை என் பக்கம் தள்ளினாள்.
"வெயில்தானே? இதுல இருக்கு, பாருங்க."

ரஃபிக்குல், குலை வெட்டு: அரைப் பேர்.
சூசையம்மா, உரம்: அரைப் பேர்.
மறுநாளும் சூசையம்மா.
பதினொரு மணிக்கு மயங்கி உட்கார்ந்தால்
அன்றைக்கு ஆள் பாதிதான்.
எல் நினோ வருஷத்தில்
பக்கம் பக்கமாகப் பாதி ஆட்கள்.

வரைந்து பார்த்தேன்.
என் கோட்டை ஒட்டியே ஏறியது அவர்கள் கோடு.
சந்தோஷப்பட்டேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆய்விதழிலிருந்து கேட்டார்கள்:
செங்குத்து அச்சின் அலகு என்ன?
ரிங்கிட் என்று எழுதி அழித்தேன்.
மணி நேரம், அதையும் அழித்தேன்.
தவமலருக்கு வாட்ஸ்அப் போட்டேன்.

"பேருதான். வேற என்ன?"
அடுத்த நிமிடமே இன்னொன்று:
"டாக்டர், நாளைக்கு மழை உண்டா?"

இரண்டாயிரத்து எழுபதைக் கேட்டிருக்கலாம்.
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.